சிவப்புக்கோடு விழுந்த பத்தி

போன வாரம் ஒரு மத்தியானம், என் தம்பி செந்தில் போனை எடுக்கவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒரத்தநாட்டுப் பக்கம் வயலில் கிடக்கிறவன். போனை எங்கேயாவது வைத்துவிட்டு வாய்க்காலில் இறங்கியிருப்பான். கூப்பிட்ட உடனே அவன் எடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

ஆனால் அன்றைக்கு நான் தஞ்சாவூரில், ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, அதே நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். மணி அடிக்கும், ஓயும். மறுபடி அடிக்கும், ஓயும். அவன் எடுக்காவிட்டால் அவன் உயிரே போகலாம் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் காரணம் ஒரு ஸ்பெல் செக்கர். சிரிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். பஸ் ஏறின பிறகுதான் கேஸை மூடினோமா என்ற சந்தேகம் வரும். லிஃப்டில் ஏறினால் மேலே இருக்கிற கம்பியைப் பற்றியே நினைத்துக்கொண்டு போவேன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, சாஃப்ட்வேர் கம்பெனியில் டாக்குமெண்டேஷன். எஞ்சினியர்கள் ஒன்றைச் செய்து வைப்பார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் எழுத வேண்டும். இந்தப் பட்டனை அழுத்து, அந்த மூடியைத் திற, இதைத் தொடாதே... அவ்வளவுதான். ஒரு வார்த்தை தப்பாகப் போய்விட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை எழுதுவேன்.

சின்ன கம்பெனிதான். ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் மாடி. முதலாளி குமரேசன் சார். புரோகிராம் எழுதுகிற பெனிட்டா, வேளாங்கண்ணிப் பெண். அப்புறம் நான். இன்னும் சிலர் உண்டு, இந்தக் கதைக்கு அவர்கள் வேண்டாம்.

நாங்கள் செய்வது, வயல் மோட்டாரை போனிலிருந்தே ஓட்டுகிற ஒரு பெட்டியும் அதற்கான ஆப்பும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வயல் மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும். அது நாள் முழுக்க வராது, ஷிஃப்ட் போட்டுத்தான் வரும். ஒரு வாரம் காலையில் என்றால் இன்னொரு வாரம் மத்தியானம். வந்ததும் ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். எங்கள் பெட்டியில் ‘ஆட்டோ’ என்று வைத்துவிட்டால் அந்த ஓட்டமெல்லாம் கிடையாது. கரண்ட் வந்ததும் பெட்டியே மோட்டாரை எழுப்பிவிடும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டியதே இல்லை.

ஆள் இருந்துவிட்டால்? அதுவும் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுக்கொண்டு இருந்தால்? அதற்காகத்தான் மேனுவல் என்று ஒரு கையேடு.

முன்பெல்லாம் ஒவ்வொரு மேனுவலையும் அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து வாசிப்போம். ஒருவர் உரக்கப் படிப்பார். மற்ற இரண்டு பேரும் நிஜப் பெட்டி ஒன்றை மேஜையில் வைத்துக்கொண்டு, படிக்கிறபடியே செய்து பார்ப்போம். கீழேயிருந்து டீயும் கீரை வடையும் வரும். பாதி நேரம் அரட்டையில் போகும். குமரேசன் சாருக்கு அந்த அரட்டை சுத்தமாகப் பிடிக்காது.

அப்படிப் படித்தும் ஒரு மேனுவலில் எழுத்துப்பிழை அச்சேறிவிட்டது. ஒரு டீலர் அதை வட்டம் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிவிட்டார். சார் அன்றைக்கு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இனிமே மெஷின் பார்க்கட்டும் மேடம். ஆட்டோமேட்டிக்கா. ஒரு நல்ல டூலாப் பார்த்து எடுத்துடுவோம்.”

அப்படித்தான் ஸ்பெல் செக்கர் தேடும் படலம் ஆரம்பமானது. பெனிட்டா மூன்று கொண்டுவந்தாள்.

முதலாவது, ரொம்ப அமைதி. எல்லோரும் வழக்கமாகச் செய்கிற பிழைகளின் பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கிறது. அந்தப் பிழை கண்ணில் பட்டால் மட்டும் வாயைத் திறக்கும். மற்றபடி சத்தமே இல்லை. இரண்டாவது, அகராதி வைத்திருப்பது. தமிழ், இங்கிலீஷ் இரண்டும். அகராதியில் இல்லாத எந்த வார்த்தையைப் பார்த்தாலும் சிவப்புக்கோடு. தெருவில் ஒரு நாய் திருடனுக்கு மட்டும் குரைக்கும், இன்னொரு நாய் பால்காரர், பேப்பர்காரர், வீட்டுக்காரர் எல்லோருக்கும் குரைக்கும் இல்லையா, அந்த மாதிரி. மூன்றாவது, கேட்காமலே தானாகத் திருத்திவிடுவது. அதைக் கேட்டதுமே நான் எழுந்து நின்றுவிட்டேன். நான் எழுதியதை எனக்குத் தெரியாமல் ஒன்று மாற்றுமா? பேயைக் கூட்டிவந்து வீட்டில் வைத்துக்கொள்வது மாதிரி அல்லவா அது?

மிச்சம் இரண்டு. பெனிட்டாவுக்கு முதலாவது பிடித்திருந்தது. “இது சும்மா நம்ம உயிரை வாங்காதுக்கா” என்றாள். எனக்கும் சாருக்கும் இரண்டாவது. எவ்வளவு அதிகமாகக் குரைக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்பது என் கட்சி. பயந்தவர்கள் எல்லோரும் சேர்கிற கட்சி அது.

சார் அதோடு நிற்கவில்லை. ஃபைலில் ஒரு சிவப்புக்கோடு இருந்தால்கூட அச்சுக்கு அப்லோட் ஆகாது என்று பூட்டுப் போடச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை டிக் விழும். பச்சை விழுந்தால் போகலாம். உரக்க வாசிப்பது, பெட்டியை வைத்துச் செய்து பார்ப்பது எல்லாம் அன்றோடு நின்றது.

“மெஷினே பார்த்துடுச்சே, அப்புறம் நாம எதுக்கு மேடம்?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பச்சை டிக்கைப் பார்த்ததும் மனசுக்குள் வருகிற நிம்மதி இருக்கிறதே... நீங்கள் அனுபவித்திருக்கிறீர்களா? யாரோ பெரியவர்கள் வந்து, நீ போய்த் தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன மாதிரி இருக்கும்.

குறுவை நெல் சாகுபடி தொடங்குகிற சமயம். புது மாடல் பெட்டி வெளியானது. முதலில் போன பெட்டிகளில் ஒன்று செந்திலுக்கு. கூடவே நான் எழுதிய புது மேனுவல், கையடக்கமாக, பளபளவென்று.

போன வாரம் அந்த நாள் காலையில் செந்தில் கூப்பிட்டான். ஆற்றுத் தண்ணீர் இன்னும் அவன் வாய்க்காலுக்கு வந்து சேரவில்லை. போர்வெல் தண்ணீரை நம்பித்தான் நாற்றங்கால்.

“அக்கா, நேத்து கரண்ட் வந்தப்போ ஆப்புல ஃபேஸ் எரர்னு காட்டுச்சு. மோட்டார் எடுத்து எடுத்து நின்னுடுச்சு. நாத்தெல்லாம் காயுதுக்கா.”

“உள்ளே ஸ்க்ரூ லூஸா இருக்கும். மேனுவல்ல போட்டிருக்கு பாரு.”

“பார்த்துட்டேன், பார்த்துட்டேன். கரண்ட் மத்தியானம்தான் வரும். அதுக்குள்ள தொறந்து முடுக்கிடறேன். நீ எழுதுன மாதிரியே ஒண்ணொண்ணா செய்யப் போறேன், பாரு!”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எழுதியதை வீட்டில் ஒருவர் படிக்கிறார் என்பது எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி நடக்கிற சங்கதியா என்ன?

அந்தப் பெருமையில்தான், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மேனுவலை எடுத்துப் பிரித்தேன். தம்பி இப்போது எந்தப் பக்கத்தில் இருப்பான், எந்த வரியில் இருப்பான் என்று பார்க்கிற ஆசை.

‘திருப்புளியைத் தயாராக வைத்துக்கொள்ளவும்.’ சரி. அடுத்து, ‘பெட்டியின் மூடியைத் திறக்கவும்.’

இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

திரும்பப் படித்தேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், அட்டை. இல்லை. நான் எழுதியிருந்தேனே... கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில், வயல்காரர்கள் பேசுகிற வார்த்தையிலேயே எழுதியிருந்தேனே! ‘கரண்ட் இல்லை என்றாலும் மெயினை இறக்கு. ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள். ஆட்டோவை ஆஃப் பண்ணு. அப்புறம்தான் மூடியைத் தொடு.’ அந்தப் பத்தியை எழுதிவிட்டுத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அது எங்கே?

“பெனிட்டா!” என்று நான் கத்தியது கீழே பெயிண்ட் கடைவரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் ஃபைலைத் திறந்தாள். பத்தி ஃபைலில் பத்திரமாக இருந்தது. ஆனால் முன்னும் பின்னும் இரண்டு குறிகள். அந்தக் குறிகளுக்கு நடுவில் எதை வைத்தாலும் அது எங்களுக்கான குறிப்பு மாதிரி, அச்சில் வராது.

“அக்கா... நீங்க அன்னிக்குக் கல்யாணத்துக்கு லீவு. செக்கர் அந்தப் பத்தியில எல்லா வார்த்தைக்கும் சிவப்புப் போட்டுச்சு. இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்துல எழுதினா, மெயினு, ஃப்யூஸ், ஆட்டோ எதுவும் அதுக்குத் தெரியலை. பச்சை விழலைன்னா அப்லோட் ஆகாது. சார் வேற அவசரப்படுத்தினார். குறி போட்டா செக்கர் மட்டும் பார்க்காம விட்டுடும்னு நெனச்சேன்க்கா. பிரிண்டுலயும் மறைஞ்சிடும்னு எனக்குத் தெரியலை...”

மேனுவலிலேயே உயிர் காக்கிற பத்தி அது ஒன்றுதான். வயல்காரர்களின் வார்த்தை நிறைய இருந்ததும் அந்தப் பத்தியில்தான். அதனால் சிவப்பும் அதில்தான் அதிகம். அதை ஒளித்து வைத்ததும் பச்சை விழுந்துவிட்டது. பச்சை விழுந்ததால் மூன்று பேரில் ஒருவர்கூட அச்சுக்குப் போனதைப் படிக்கவில்லை.

செந்தில் இந்நேரம் மூடியைத் திறந்திருப்பான். பெட்டி ஆட்டோவில் இருக்கிறது. மத்தியான ஷிஃப்ட் கரண்ட் வருகிற நேரம் இது.

போன் போட்டேன். எடுக்கவில்லை.

“நான் சர்வர்லேருந்து ஆட்டோவை ஆஃப் பண்ணிப் பார்க்கிறேன்க்கா” என்று பெனிட்டா ஓடினாள். திரையில் ‘ஆஃப்லைன்’ என்று வந்தது. கரண்ட் இல்லாதபோது பெட்டி தூங்கும். கரண்ட் வந்ததும் அது செய்கிற முதல் வேலை மோட்டாரை எழுப்புவது. அப்புறம்தான் நாம் அனுப்பின செய்தியைக் கேட்கும். அதையும் மேனுவலில் நான்தான் விளக்கி எழுதியிருந்தேன். அழகாக.

செந்திலின் மனைவி கலாவுக்குப் போட்டேன். எடுத்தாள். பின்னால் மேளச் சத்தம். பேராவூரணியில் அவள் அண்ணன் வீட்டுக் காதுகுத்து.

“சொல்லுங்க அண்ணி! நல்லாருக்கீங்களா? சாப்ட்டீங்களா?”

“கலா, தம்பி எங்கே?”

“அவரு எங்க வந்தாரு? நாத்து காயுதுன்னு மோட்டார் கொட்டகையிலயே கெடக்குறாரு. போனை வண்டிப் பையில போட்டிருப்பாரு. ஏன் அண்ணி, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

என்ன சொல்வேன்? பந்தியில் நிற்கிறவளிடம் என்ன சொல்ல முடியும்? ஒன்றுமில்லை என்று சொல்லி, பக்கத்து வயல்காரர் ராசு அண்ணன் நம்பரை வாங்கினேன். அவர் முதல் மணியிலேயே எடுத்தார். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

“நான் ஒரத்தநாட்டுல மாட்டாஸ்பத்திரியில நிக்கிறேம்மா. கன்னுக்குட்டிக்குக் கழிச்சல். ஏன், என்ன சேதி?”

வந்த உயிர் போய்விட்டது.

குமரேசன் சார் அறையிலிருந்து வந்தார். விஷயத்தைப் பெனிட்டா சொல்லச் சொல்ல, அவர் முகம் சாம்பல் பூத்துப்போனது. தெரிந்த லைன்மேன் ஒருவருக்குப் போன் போட்டார், பிஸி. மறுபடி போட்டார், பிஸி. கார் சாவியை எடுத்தார். “வாங்க மேடம், நேரிலேயே போயிடலாம்” என்றார். தஞ்சாவூரிலிருந்து அந்த வயலுக்குப் போய்ச் சேருவதற்குள் கரண்ட் வந்துவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் காரை எடுக்க இறங்கினார். நான் பின்னால் போனேன். பாதிப் படியில் நின்று செந்தில் நம்பரை மறுபடி அழுத்தினேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே பெனிட்டா ‘மாதாவே, மாதாவே’ என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

பயத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை வேடிக்கையாக எழுதியிருக்கிறேன். அதெல்லாம் பயமே இல்லை. அன்றைக்கு வந்தது வேறு. ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் ஒரு படம் மனசுக்குள் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.

அப்போது என் போன் அடித்தது. செந்தில்.

“என்னக்கா, இத்தனை மிஸ்டு கால்? அம்மாவுக்கு ஏதாவதா?”

“எங்கே இருக்கே நீ?”

“கொட்டகை வாசல்லதான். தண்ணி குடிக்கலாம்னு வண்டிகிட்ட வந்தேன், பார்த்தா உன் போனு. இந்தா, ஒரு ஸ்க்ரூதான் பாக்கி. முடுக்கிட்டு நானே கூப்பிடறேன்.”

“உள்ளே போகாதே.”

“ஒரே நிமிஷம்க்கா. கரண்ட்டையும் இன்னும் காணும், இந்நேரம் வந்திருக்கணும்...”

“செந்தில், போகாதேன்னா போகாதே! அந்தப் பெட்டிகிட்டயே போகாதே! நில்லு அங்கேயே!”

சின்ன வயதிலிருந்து இன்றுவரை அவனை நான் அப்படி அதட்டியதில்லை. அவன் திகைத்துப்போயிருக்க வேண்டும். எதிர்முனையில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. எங்கேயோ ஒரு கொக்கு கத்தியது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

பிறகு டக்கென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து, மெதுவாக எழுந்து வலுத்துக்கொண்டே போகிற உறுமல்.

“அக்கா...” அவன் குரல் இறங்கிவிட்டது. “ஓடுதுக்கா. மூடி தொறந்து கெடக்கு... அதுபாட்டுக்கு ஓடுது.”

நான் அழுதேன். வாசலில் குமரேசன் சார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

எங்கேயோ கம்பியில் தென்னை மட்டை விழுந்து, அன்றைக்குக் கரண்ட் தாமதமாக வந்ததாம். அப்புறம் தெரிந்துகொண்டோம். யாருடைய சாமர்த்தியமும் இல்லை. எங்கள் ஆப்போ, சர்வரோ, செக்கரோ, நானோ அவனைக் காப்பாற்றவில்லை. ஒரு காய்ந்த மட்டை காப்பாற்றியது. இதை நினைத்தால் இன்னும் தூக்கம் பிடிப்பதில்லை.

அன்று சாயங்காலம்வரை மூன்று பேரும் போனும் கையுமாக இருந்தோம். புது மேனுவல் வாங்கிய எல்லோரையும் கூப்பிட்டோம். ஒவ்வொருவரும் ‘ஹலோ’ சொல்கிறவரை வயிற்றில் நெருப்பு. சொன்னதும் ஒரு நிமிஷ நிம்மதி. அடுத்த நம்பருக்கு மறுபடி நெருப்பு. நல்லவேளை, எல்லோரும் ஹலோ சொன்னார்கள். “புக்கா? அதை இன்னும் கவரே பிரிக்கலீங்களே” என்று நிறைய பேர் சொன்னார்கள். நான் எழுதியதைப் படிக்காதவர்களை வாழ்க்கையில் முதல் தடவையாக மனசார வாழ்த்தினேன்.

பெனிட்டா அழுதுகொண்டே, “என்னாலதான்க்கா” என்றாள். குமரேசன் சார் குறுக்கிட்டார். “பூட்டுப் போடச் சொன்னது நான்ம்மா. வாசலை அடைச்சுட்டு, ஏன் ஜன்னல் வழியாப் போனேன்னு உன்னைக் கேட்க முடியுமா?” அவரை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

யோசித்தால் அது நிஜம்தான். எல்லாவற்றுக்கும் சத்தம் போடுகிற காவலை வைத்தால், நாம் என்ன செய்கிறோம்? தப்பைத் திருத்துவதில்லை. சத்தத்தை நிறுத்தத்தான் வழி தேடுகிறோம். கார் சீட் பெல்ட் கீ கீ என்று கத்தினால், பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு ஓட்டுகிற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?

மறுநாளே செக்கரை மாற்றினோம். இப்போது இருப்பது அந்த அமைதியான முதலாவது. எப்போதாவது வாயைத் திறக்கிறது. திறந்தால் எல்லோரும் எழுந்து வந்து பார்க்கிறோம். பூட்டும் இல்லை. அச்சுக்கு முன் உரக்க வாசிப்பது திரும்ப வந்துவிட்டது. வாசிப்பவர் குமரேசன் சார். வடையும் அவர் செலவு. எழுத்துப்பிழை ஒன்றிரண்டு தப்பிப் போகலாம். டீலர் வட்டம் போட்டு அனுப்பட்டும்.

ஞாயிற்றுக்கிழமை செந்திலைப் பார்க்கப் போனேன். அந்தப் பத்தியோடு திரும்ப அச்சடித்த மேனுவலைக் கையோடு கொண்டுபோனேன். நாற்றங்கால் பச்சென்று இருந்தது. வரப்பில் நின்றுகொண்டு, எந்தப் பத்தி விட்டுப்போனது, எப்படிப் போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் புதுப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டுச் சிரித்தான்.

“அட, இதானா! இதை நான் எப்பவுமே செய்யறதுதானேக்கா. மெயினை இறக்கி, கட்டையைப் பிடுங்கி மடியில சொருகிக்கிட்டுத்தான் எந்தப் பெட்டியிலயும் கை வைப்பேன். அன்னிக்கும் கட்டையில கை வெச்சேன். அப்புறம் உன் புக்கைப் பார்த்தேன், அதுல போடலை. புதுப் பெட்டிக்கு அதெல்லாம் வேண்டாம் போலன்னு விட்டுட்டேன். நீ எழுதுனதாச்சே... சரியாத்தானே இருக்கும்?”

இதைவிடப் பயங்கரமான பாராட்டு எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.